பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி

நீங்கள் நாலு பேரும் வேலைக்குச் சேர்ந்த அன்று, டிஜிட்டல் ஊடகத்தில் எந்த வேலை பார்க்க ஆசை என்று ஆளுக்கொரு தாளில் எழுதித் தரச் சொன்னார்களாம். அந்தத் தாள்களை என்னிடம் காட்டினார்கள். ஒருத்தருக்குச் செய்தி வாசிக்க ஆசை. ஒருத்தருக்கு ட்ரோன் பறக்கவிட ஆசை. இன்னொருவருக்கு எடிட்டிங். நாலாவது ஆள் எழுதியதை இரண்டு முறை படித்தும் அது என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிற வேலை என்பது மட்டும் தெரிந்தது.

ஆசைப்படுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒருத்தர்கூடக் கண்ணீர் அஞ்சலி போடுகிற வேலை வேண்டும் என்று எழுதவில்லையே. எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். கள்ளக்குறிச்சியில் இந்தச் சேனல் கேபிளில் ஓடிய நாளிலிருந்து, பேஸ்புக்கும் யூடியூபுமாக மாறிய பிறகும் நான் இங்கேதான் இருந்தேன். செய்தி வாசித்தேன். கோமுகி அணை நிரம்பினால் குடையும் மைக்குமாகப் போய் நின்றேன். கல்யாண மேடையில் கேமரா பிடித்து மாப்பிள்ளையின் கழுத்தை வெட்டி, தலையை மட்டும் காட்டினேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஏழெட்டு வருடம் அஞ்சலிப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன். இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

தினமும் காலை ஏழு மணிக்கு அஞ்சலி வெளியாகும். முதல் நாள் சுற்றுவட்டாரத்தில் இறந்தவர்களின் படம், பெயர், ஊர், அடக்கம் எத்தனை மணிக்கு, கீழே ‘இப்படிக்கு வருந்தும்’ என்று குடும்பத்தார் பெயர்கள். நம் சேனலில் அதற்கு இருந்த கூட்டம் வேறு எதற்கும் இருந்ததில்லை. பால் வாங்கப் போகிறவர் நடுரோட்டில் நின்று பார்ப்பார். இறந்தவரைப் பற்றி எழுதியதற்காக ஒருத்தரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. சண்டையெல்லாம் கீழே உள்ள பெயர் வரிசைக்குத்தான். தம்பி பெயர் முன்னால் வந்துவிட்டது என்று ஒரு அண்ணன், அப்பாவை அடக்கம் செய்த கையோடு, மொட்டைத் தலையுடன் ஆபீசுக்கு வந்து நின்றார். இன்னொருவர், “அந்தாளு செத்ததுக்கு நான் வருந்தவே இல்ல, என் பேர எடுங்க” என்று போனில் கத்தினார். அவர் சம்பந்தி.

தாண்டவராயன் அப்படிச் சண்டை போட வந்தவர் இல்லை. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். நெல்லும் கரும்புமாகக் கொஞ்சம் நிலம், எழுபதைத் தாண்டிய வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒருநாள் மத்தியானம் மஞ்சள் பையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“அஞ்சலி போடறது நீதானாம்மா?”

“ஆமாங்கய்யா. யாரு தவறிட்டாங்க?”

“நான்தான்.”

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அவருடைய பங்காளி ஒருவர் போன மாதம் இறந்துபோனார். அவசரத்தில் அவர் வீட்டுப் பிள்ளைகள் ஆதார் அட்டைப் படத்தைக் கொடுத்துவிட்டார்கள். நாமும் அதையே போட்டுவிட்டோம். “மனுஷன் நல்ல களையா இருப்பாரு. நீங்க போட்ட படத்துல ஆடு திருடி மாட்டினவன் கணக்கா முழிச்சிக்கினு இருக்காரு. எனக்கு அந்த கதி வரக் கூடாது. நானே பாத்து, சரின்னு சொன்னப்புறம் நீ எடுத்து வெச்சிக்க. நான் போனப்புறம் தேதிய மட்டும் போட்டுக்க” என்றார். பையிலிருந்து ஒன்பது போட்டோக்களை மேசையில் பரப்பினார். ஒன்றில் மூக்கு பெரிசாக இருக்கிறதாம். ஒன்றில் பக்கத்தில் நிற்பவரின் கை அவர் தோளில் இருக்கிறது, அந்த ஆளோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம். ஒரு மணி நேரம் போராடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். செத்தவர்கள் இந்தத் தொல்லையெல்லாம் கொடுப்பதில்லை.

பிறகு பெயர்கள். மகன் ஏழுமலை, மருமகள், பேரப்பிள்ளைகள், தம்பிகள், மைத்துனர்கள் என்று வரிசை மாறாமல் சொன்னார். எழுதிவிட்டு வழக்கம்போலக் கேட்டேன். “மகள் யாரும் இல்லீங்களா?”

“இருக்குறா. போட வேணாம்.”

இந்த வேலையில் காரணம் கேட்கக் கூடாது. ஆனால் அவரே சொன்னார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

மகள் கலைச்செல்வி. இவர் பார்த்துக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளைதான், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மலைக்குப் போனதும் அந்தப் பெண் மலைச் சமையல், சந்தை, மழை, அருவி என்று போனில் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்திருக்கிறாள். நாலு பேர் பார்க்கவும், அதுவே வேலையாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்தபோது, தொழுவத்தில் அப்பாவைத் தெரியாமல் படம் பிடித்துவிட்டாள். அவர் வீட்டு எருமை அன்று பால் கொடுக்காமல் முரண்டு பிடித்திருக்கிறது. இவர் அதன் காதோரம் குனிந்து, “இன்னா கண்ணு கோவம்? எந்தங்கம் இல்ல? சாமி இல்ல?” என்று கெஞ்சியிருக்கிறார். பெண்டாட்டியிடமே ஒரு வார்த்தை இளகிப் பேசாத மனுஷன் என்று ஊரில் பெயர் எடுத்தவர். வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டது. டீக்கடைக்குப் போனால் பையன்கள், “இன்னா கண்ணு, டீ குடிக்கிறியா, காப்பி குடிக்கிறியா?” என்று கேட்கிறார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் இவர் கோபமாக எழுந்தால் பின்வரிசையிலிருந்து, “எந்தங்கம் இல்ல?” என்று ஒரு குரல் வருகிறது.

“இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷமாச்சி, அவளும் வரல” என்றார். ‘அவளும் வரல’ என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. நான் கவனித்தேன், ஆனால் கவனிக்காத மாதிரி அஞ்சலி கார்டை முடித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். மறுநாள் போட வேண்டிய கார்டுகளையெல்லாம் ஒரே போல்டரில் வைத்திருப்பேன். காலையில் போல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரே அழுத்தாக அழுத்துவேன். தாண்டவராயன் கார்டுக்குத் தனியாக ஒரு போல்டர் போட எனக்குச் சோம்பேறித்தனம். தேதி போடாத இடத்தில் மென்பொருளே அன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளும் என்று நானே ஒரு வசதி செய்து வைத்திருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் வேறு. மறுநாள் காலை ஏழு மணிக்கு நாலு பேருக்கு அஞ்சலி போட்டேன். அதில் மூன்று பேர்தான் இறந்திருந்தார்கள்.

ஏழேகாலுக்குப் போன் வந்தது. மகன் ஏழுமலை.

“மேடம், எங்கப்பா செத்துட்டாருன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமாங்க, ஆழ்ந்த இரங்கல்” என்றேன் தூக்கக் கலக்கத்தில்.

“மேடம், அவரு எம் பக்கத்துல நின்னு பல்லு வெளக்கிக்கினு இருக்காரு.”

உடனே எடுத்துவிடுகிறேன் என்று சொல்வதற்குள் போன் கை மாறியது. “எடுத்தீன்னா நடக்கறதே வேற. மொதல்ல நீ இங்க வா. வந்து என் மூஞ்சியப் பாத்துட்டு அப்புறம் எடு” என்று பெரியவர் கர்ஜித்தார், பல்பொடி நுரையோடு. முதலாளிக்குப் போன் செய்தேன். “சத்தமில்லாம டெலிட் பண்ணிட்டு, யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு போட்டுடுங்க” என்றார். எனக்குப் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அதே சமயம் பெரியவர் போலீசுக்குப் போய்விடுவாரோ என்று பயம். அந்தப் பயத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தம்பிகளே, தங்கச்சிகளே, போட்டது சோம்பேறித்தனம். எடுக்காமல் போனதுதான் குற்றம். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

தியாகதுருகம் தாண்டிப் போய்ச் சேரும்போது எட்டரை இருக்கும். வாசலில் பந்தல்காரர் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். பதினைந்து பேர் மாலையோடு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மேளக்காரர்கள் இறங்கி, செத்தவரிடமே, “எங்க உக்காரட்டும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து, மகனின் போனில் அஞ்சலிக்குக் கீழே வந்த கமெண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா. இத பாரு, மேற்காலத் தெரு மண்ணாங்கட்டி, வாய்க்கா தகராறுல எம்மேல மண்வெட்டிய ஓங்குனவன், ‘தங்கமான மனிதர்’னு எழுதிருக்கான்.” அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு வந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஐயா, மன்னிச்சிடுங்க, தப்பு எம்மேலதான். இப்பவே எடுத்துடறேன்.”

“வேணாம். பதினொரு மணி வரைக்கும் இருக்கட்டும்.”

“எதுக்குங்க?”

அவர் அடுத்த கமெண்டுக்குப் போய்விட்டார். மருமகள்தான் என்னை ஓரமாக இழுத்துச் சொன்னாள். “கலைச்செல்வி போன் பண்ணிச்சி மேடம். ‘அப்பா... அப்பா’ன்னு ஒரே அழுகை. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மாமா போனப் புடுங்கி கட் பண்ணிட்டாரு. எட்டு மணி பஸ்ஸுல ஏறிடுச்சாம், அவங்க வூட்டுக்காரரு சொன்னாரு. இப்ப அடிச்சா போன் போவல. மலைப்பாதையில டவர் இல்ல.”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பெண் இறங்கி வருகிறாள். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வந்து சேரும்வரை, அத்தனை வளைவுகளிலும், அப்பா செத்துவிட்டார் என்று அழுதுகொண்டே வருவாள். இந்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து கமெண்டு படித்துக்கொண்டிருக்கிறார். என் தப்பு என்பதெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது.

“உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்காங்க?” என்று கேட்டேன். மாலையோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அதே இடத்தில் நின்றபடி அஞ்சலியை எடுத்தேன். ‘தாண்டவராயன் அவர்கள் நலமாக இருக்கிறார். தவறு எங்களுடையது, மன்னிக்கவும்’ என்று போட்டேன்.

ஒருத்தரும் நம்பவில்லை! ‘செத்தவர் எப்படி நலமாக இருப்பார்?’ என்று ஒருத்தர். ‘அட்மின் தூங்குகிறாரா?’ என்று ஒருத்தர். ‘யாரோ சேனலை ஹேக் செய்துவிட்டார்கள், வதந்தியை நம்பாதீர்கள், அடக்கம் உண்டு’ என்று இன்னொரு புண்ணியவான். அஞ்சலியை எல்லாரும் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். மாலைகள் வந்துகொண்டே இருந்தன. நாம் பொய்யாகப் போட்டதை ஊர் ஒரு நிமிஷத்தில் நம்பும், உண்மையைப் போட்டால் ஆதாரம் கேட்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஒரே வழிதான் இருந்தது. “ஐயா, லைவ் போடணும். நீங்க பேசணும். கச்சிராயபாளையத்துல டவர் வந்ததும் அந்தப் பொண்ணு மொதல்ல போனத்தான் பாக்கும்.”

“கேமரா முன்னாடி நான் நிக்க மாட்டேன். ஒரு தபா பட்டது போதும்.”

“எருமைக்காக உங்கள யாரும் இப்ப கேக்கல. பொண்ணுக்காகக் கேக்கறேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா அப்படியே திரும்பிடுவாம்மா. ரோஷக்காரி, என் ரத்தம். பொணத்துக்குன்னா வருவா. எனக்கு வருவாளா?”

இவ்வளவு நேரம் திட்டிய வாயால் என்ன சொல்வது? ஒரு பக்கம் பார்த்தால் அவர் கேட்பதும் நியாயம்தான். இன்னும் இரண்டு மணி நேரம் சும்மா இருந்தால் போதும், பெண் கண்டிப்பாக வந்து நிற்பாள், அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவாள், எல்லாம் சரியாகிவிடும். லைவ் போட்டால் அவள் திரும்பிப் போனாலும் போகலாம். அப்படிப் போனால் அந்தப் பழி எனக்குத்தான். கேமரா பிடிப்பதையும் வெட்டி ஒட்டுவதையும் மூன்று மாதத்தில் யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இந்த மாதிரி நிற்கிற நேரத்துக்கு ஒரு வகுப்பும் கிடையாது. நான் பஸ்ஸில் இருந்தவளைத்தான் நினைத்தேன்.

“வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். அழுதுக்கினு வராம இருக்கட்டும், அது போதும்” என்றேன்.

பெரியவர் எழுந்து உள்ளே போனார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கொண்டு வந்தார். தொழுவத்துப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்ததால் அங்கேயே நிறுத்தினேன். கை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் சாவல. மால வாங்கனவங்க கோயில்ல குடுத்துடுங்க. மேளக்காரங்களுக்கு நான் பேசிக்கறேன்.” நிறுத்தினார். “கலைச்செல்வி... யம்மா. அழுவாத. அப்பா நல்லாத்தான் இருக்கேன். நீ திரும்பிப் போறதுன்னாலும் போ. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். சாப்புட்டுட்டுப் போ.”

அந்த நேரம் பார்த்துப் பின்னால் எருமை அலறியது. மனுஷன் பழக்கதோஷத்தில் சட்டென்று திரும்பி, “இரு கண்ணு, வரேன்” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் லைவ் என்று உறைத்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! மாலையோடு நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேளக்காரர் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் தாண்டவராயன் உயிரோடு இருப்பதில் ஊருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பிறகு காத்திருந்தோம். துக்கத்துக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று மருமகள் இட்லி ஊற்றினாள். மண்வெட்டி ஓங்கிய மண்ணாங்கட்டியும் வந்தார். உயிரோடு இருக்கிறவரைப் பார்த்து முகம் கோணினாலும் எட்டு இட்லி சாப்பிட்டார். பெரியவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒன்பதரை ஆனதும், “பஸ்ஸு கச்சிராயபாளையம் வந்திருக்கும்” என்றார். பத்து மணி ஆயிற்று. போன் வரவில்லை. ஏழுமலை தங்கச்சிக்குப் போன் போட்டான், மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை.

“பாத்துட்டா. திரும்பியிருப்பா” என்றார் பெரியவர். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பந்தல்காரரிடம் கம்பைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தும் கிளம்ப மனமில்லாமல் நின்றேன்.

பத்தரைக்குத் தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கலைச்செல்வி இறங்கினாள். தலை கலைந்து, கண் வீங்கி, கையில் ஒரு பை கூட இல்லை. வாசல்வரை வேகமாக வந்தவள், படிக்கு வெளியே நின்றுவிட்டாள். அப்பா திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ஊரே வாயை மூடிக்கொண்டது, எருமை உட்பட.

“வீடியோ பாக்கலியா நீ?” என்றார்.

“பாத்தேன்.”

“எங்க பாத்த?”

“கச்சிராயபாளையத்துல.”

“பாத்துட்டுமா வந்த?”

“நீ செத்துட்டன்னு நெனச்சப்ப பஸ்ஸுலதான் வந்தேன். உசுரோட இருக்கன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் ஆட்டோ புடிச்சேன்” என்றாள்.

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், வீட்டுப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்.

“இன்னும் இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? அவ எதுவும் துன்னுருக்க மாட்டா, உள்ள கூட்டிக்கினு போங்க. ஆட்டோக்காரரையும் கூப்புடுங்க.”